லென்ஸ் முதலில், கேமரா பிறகு

(நம் குடியிருப்பின் பொது அரங்கில் ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால், கேள்வி பதிலையும் சேர்த்து இங்கே தருகிறோம்.)



டீயும் உளுந்தவடையும் உண்டு என்று செயலாளர் அண்ணாச்சி வாட்ஸ்அப் குழுவில் போட்டதால்தான் இவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியும். வடை ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களை வாங்கி, ஏமாந்து, விற்று, மறுபடி வாங்கிக் கற்றுக்கொண்டவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

போன தீபாவளிக்குப் பிறகு நம் குடியிருப்பில் நாலைந்து பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “பையன் புது மிரர்லெஸ் வாங்கிட்டான். பழைய கேமராவை இங்கே பீரோவில் வைத்துவிட்டுப் போயிட்டான். இது இன்னும் உதவுமா?” என்றார் ஒருவர். “பழைய கேமரா ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?” என்றார் இன்னொருவர்.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். உதவும், வாங்கலாம். 2018-ல் நிக்கானும் கேனானும் பெரிய சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்த பிறகு புதுக் கண்டுபிடிப்பெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. அதனால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் குறைந்த விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. 2012-ல் நல்ல படம் எடுத்த கேமரா, பழுதாகாமல் இருந்தால், இன்றைக்கும் அதே நல்ல படத்தைத்தான் எடுக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. லென்ஸை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பொருந்துகிற கேமராவை அப்புறம் தேடுங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதற்குக் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

நம்ம ஊர்க்காரர் ஒருவர்

முதலில் ஒரு நல்ல கதை. மா. கிருஷ்ணன் என்று ஒருவர். 1912-ல் இதே திருநெல்வேலியில் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. காட்டுயிர்களைப் பற்றி இந்தியாவில் எழுதியவர்களிலும் படம் எடுத்தவர்களிலும் முன்வரிசையில் வைக்கப்படுகிறவர். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950-ல் தொடங்கிய பத்தியை 1996-ல் காலமாகும் வரை எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார், தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ கிடைத்தால் வாசித்துப் பாருங்கள்.

அவருடைய கேமராவைப் பற்றி இ. பி. ஜீ என்ற இயற்கையாளர் வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். பாடி ஒரு கம்பெனி, தூரத்து லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்ற பாகங்கள் எங்கெங்கிருந்தோ. எல்லாவற்றையும் கிருஷ்ணனே தன் கையால் பொருத்தி ஒன்றாக்கியிருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில், அந்தக் கனமான கருவியைத் தூக்கிக்கொண்டு, யானைகளை அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

இதை எதற்குச் சொல்கிறேன்? எந்த லென்ஸ் எந்த பாடியில் எப்படிப் பொருந்தும் என்று அவருக்கு அத்துபடி. அது தெரிந்தவருக்குப் பழைய பொருள் கை கொடுக்கும். தெரியாதவரிடம் அது காசைக் கரைக்கும்.

என் தப்பு

2016-ல் அப்பாவுக்குச் சதாபிஷேகம். அதற்கு இரண்டு வாரம் முன்னால் இணையத்தில் ஒருவரிடம் பழைய நிக்கான் டி3200 வாங்கினேன். கூடவே, “முகம் எடுக்க இதுதான் சார் சரியான லென்ஸ்” என்று ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸையும் கொடுத்தார். நல்ல லென்ஸ்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அந்த பாடியில் அது தானாக ஃபோகஸ் செய்யாது. அதை அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

மண்டபத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கலச நீர் ஊற்றுகிறார்கள். நான் பொத்தானை அழுத்துகிறேன், படம் விழுகிறது. சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் 200-க்கும் மேற்பட்ட படங்களில் அப்பாவின் கண் தெளிவாக விழுந்தவை நாலே நாலு. மற்றதெல்லாம் பின்னால் இருந்த வாழைமரமும் யாரோ ஒருவருடைய தோளும். அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். அந்த நாலில் ஒன்றுதான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பார்த்திருப்பீர்கள்.

கேமரா பழசு என்பதால் நடந்ததில்லை இது. லென்ஸுக்கும் பாடிக்கும் பொருத்தம் பார்க்காததால் நடந்தது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இங்கே இரண்டே பொருத்தம்தான்: ஒன்று வாய், இன்னொன்று மோட்டார்.

வாய்ப் பொருத்தம்

லென்ஸ் வந்து பூட்டுகிற உலோக வளையத்தை ‘மவுண்ட்’ என்பார்கள். நிக்கான் லென்ஸ் நிக்கானில்தான் பூட்டும், கேனான் லென்ஸ் கேனானில்தான். டாம்ரான், சிக்மா, டோகினா போன்ற கம்பெனிகள் ஒரே லென்ஸை இரண்டு வாய்க்கும் தனித்தனியாகச் செய்தன. ஆகவே டாம்ரான் வாங்கும்போது “எந்த மவுண்ட்?” என்று கேட்டு வாங்க வேண்டும்.

மிரர்லெஸ் கேமராவுக்கான புது லென்ஸ்கள், அதாவது நிக்கானின் இசட், கேனானின் ஆர்எஃப், டிஎஸ்எல்ஆரில் பூட்டவே பூட்டாது. மறுதிசையில் வழி உண்டு. பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை ஒரு இணைப்பு வளையம் வைத்து அதே கம்பெனியின் மிரர்லெஸில் போடலாம். அதனால் இன்று வாங்குகிற நல்ல லென்ஸ் நாளைக்கும் வீணாகாது. பாடி விலை வருடத்துக்கு வருடம் இறங்கும். நல்ல லென்ஸின் விலை அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. காசை எங்கே போடுவது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மோட்டார்ப் பொருத்தம்

ஃபோகஸ் செய்ய லென்ஸுக்குள் கண்ணாடி நகர வேண்டும். நகர்த்த ஒரு மோட்டார் வேண்டும். அந்த மோட்டார் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கேனான் 1987-ல் பழைய வாயை மொத்தமாகக் கைவிட்டு ‘இஎஃப்’ என்ற புது வாயைக் கொண்டுவந்தது. அன்று முதல் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. கேனான்காரர்களுக்கு அதனால் தலைவலி குறைவு. பார்க்க வேண்டியது ஒன்றுதான். லென்ஸில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது இஎஃப். எந்த கேனான் டிஎஸ்எல்ஆரிலும் போடலாம். வெள்ளைச் சதுரம் இருந்தால் அது இஎஃப்-எஸ். 600டி, 700டி, 1300டி, 60டி, 70டி போன்ற சிறிய சென்சார் கேமராக்களுக்கு மட்டும். 5டி, 6டி வகைகளில் அது பூட்டாது. ஃபிலிம் காலத்துச் சில சிக்மா லென்ஸ்கள் கேனான் டிஜிட்டல் பாடியில் பூட்டினாலும் பிழைச் செய்தி காட்டும். பூட்டி, நாலு படம் எடுத்துப் பார்க்காமல் அவற்றை வாங்காதீர்கள்.

நிக்கான் கதை வேறு. 1959-ல் கொண்டுவந்த ‘எஃப்’ வாயையே கடைசி டிஎஸ்எல்ஆர் வரை வைத்திருந்தது. தாத்தா காலத்து லென்ஸும் பூட்டும் என்பது பெருமைதான். ஆனால் பூட்டுவது வேறு, வேலை செய்வது வேறு. நம் வீட்டுப் பழைய சாவி புதுப் பூட்டில் நுழையும், திறக்காது. அது மாதிரி.

நிக்கான் வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டி40, டி60, டி3000 முதல் டி3500 வரை, டி5000 முதல் டி5600 வரை: இந்தக் கேமராக்களின் பாடியில் மோட்டார் கிடையாது. லென்ஸில் ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருந்தால் தானாக ஃபோகஸ் ஆகும். வெறும் ‘ஏஎஃப்’ அல்லது ‘ஏஎஃப்-டி’ என்றிருந்தால் ஆகாது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

டி70, டி80, டி90, டி7000, டி7100, டி7200, டி300, டி700, டி610, டி750: இவற்றின் பாடியிலேயே மோட்டார் உண்டு. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-டி இரண்டும் வேலை செய்யும். அடையாளம் சுலபம். லென்ஸைக் கழற்றி வாயைப் பாருங்கள். கீழ்ப்புறம் திருப்புளி முனை போல ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் இருக்கிறது என்று அர்த்தம்.

‘ஏஎஃப்-பி’ என்று பிற்காலத்தில் வந்த லென்ஸ்களில் கதை தலைகீழ். விலை குறைவு, எடை குறைவு, ஆனால் பழைய பாடியில் ஓடாது. டி90, டி3100, டி3200, டி5100, டி7000 ஆகியவற்றில் இவற்றுக்கு ஃபோகஸே வராது. கையால் திருப்பினாலும் வராது.

1977-க்கு முந்தைய, மாற்றம் செய்யாத நிக்கான் லென்ஸை டி7000, டி300 போன்ற பாடியில் திருகினால் வாய் ஓரத்தில் இருக்கும் சிறு நெம்புகோல் உடையக்கூடும். அப்பா விட்டுப்போன லென்ஸ் என்று பாசத்தில் திருகிவிடாதீர்கள்.

ஏற்கெனவே என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு ஆறுதல். டி3200-ல் டி லென்ஸைப் போட்டு, கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது, வியூஃபைண்டரின் இடது கீழ் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அது அசையாமல் நின்றால் ஃபோகஸ் சரி. சதாபிஷேகத்தன்று அந்தப் புள்ளி எனக்குத் தெரிந்திருந்தால் படம் நாலோடு நின்றிருக்காது. இன்னொன்று: டி லென்ஸில் அபர்ச்சர் வளையம் ஒன்று இருக்கும். அதைக் கடைசி எண்ணில், பெரும்பாலும் 22-ல், வைத்துப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் திரையில் ‘எஃப்இஇ’ என்று மின்னும், படம் எடுக்காது. கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றவர்கள் உண்டு.

நமக்கு எந்த லென்ஸ்?

உங்களுக்கு என்ன எடுக்க ஆசை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் இருந்து யோசிப்போம்.

ஆனித் தேரோட்டம். ரத வீதியில் கூட்டத்துக்குள் நிற்கிறீர்கள், பின்னால் நகர இடமில்லை. நெல்லையப்பர் தேர் முழுதாக விழ வேண்டும். இதற்குக் கேமராவோடு வருகிற 18-55 மி.மீ. லென்ஸே போதும், 18-ல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சந்தையில் இதைவிட மலிவான லென்ஸ் கிடையாது. அதற்காக இளக்காரமாகப் பார்க்காதீர்கள்.

வீட்டுக்குள், பேரப்பிள்ளை. டியூப் லைட் வெளிச்சம், ஓடுகிற குழந்தை. இங்கே 18-55 திணறும். 50 மி.மீ. பக்கம் போனால் அதன் வாய் எஃப்/5.6 வரைதான் திறக்கும். எஃப்/1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தேவைப்பட்ட படத்தை நூறில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம். குழந்தை கலங்காமல் விழுவதும் விழாததும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. நிக்கானில் 35 மி.மீ. எஃப்/1.8 ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ், கேனானில் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் அல்லது 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம். நம் ஃபிளாட் அறைகள் சின்னவை. 50 மி.மீ. வைத்தால் முதுகு சுவரில் இடிக்கும். வீட்டுக்குள் மட்டும் என்றால் 35 அல்லது 24 நல்லது. மண்டபத்தில் முகம் எடுக்க 50.

பறவைகள். நயினார்குளத்தில் நின்றால் நீர்க்காகமும் நாரையும். கூந்தன்குளத்துக்குப் போனால் கூழைக்கடா, கரண்டிவாயன், பூநாரை, இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து. 1994-ல் சரணாலயம் ஆன அந்த ஊர் 2022-ல் ராம்சர் பட்டியலிலும் அறிவிக்கப்பட்டது. அங்கே குளத்தில் மட்டுமில்லை, வீடுகளுக்கு நடுவே தெருமரத்திலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆகவே லட்ச ரூபாய் லென்ஸ் தேவையில்லை. நிக்கானில் 55-300 அல்லது 70-300 ஏஎஃப்-எஸ், கேனானில் 55-250 எஸ்டிஎம். சிறிய சென்சார் கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் பெரிய சென்சாரின் 450 மி.மீ. அளவுக்குக் காட்டும். பறவைக்கு அது லாபம்.

மூன்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். 18-55 வைத்து ஆறு மாதம் எடுங்கள். எடுத்த படங்களில் எது அதிகம் என்று பாருங்கள். முகமா, பறவையா, கோயிலா? அடுத்த லென்ஸ் எது என்று படங்களே சொல்லிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். நமக்குச் சொந்தமான மெமரி கார்டு ஒன்றையும் செல்போன் டார்ச்சையும் எடுத்துப் போங்கள்.

ஒன்று, பூஞ்சை. லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி, பனிப்பூ மாதிரி கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை.

இரண்டு, சென்சார். எஃப்/16-ல் வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கரும்புள்ளிகள் தூசி; துடைத்தால் போகும். எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் கோடோ கீறலோ போகாது.

மூன்று, ஷட்டர் எண்ணிக்கை. வண்டிக்குக் கிலோமீட்டர் மாதிரி. டி3100, 700டி வகைகளுக்கு ஒரு லட்சம், டி7000-க்கு ஒன்றரை லட்சம் என்று கம்பெனிகள் சோதித்த கணக்கு. நிக்கானில் எடுத்த, திருத்தாத ஜேபெக் படத்திலேயே இந்த எண் பதிந்திருக்கும், கணினியில் பார்க்கலாம். கேனானில் பெரும்பாலும் கேமராவை கேபிள் போட்டுக் கணினியில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். முப்பதாயிரம் நாற்பதாயிரம் என்றால் நிம்மதியாக வாங்கலாம்.

நான்கு, தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்து காய்ந்த கேமரா வெளியே பளபளவென்று இருக்கும். பேட்டரி அறைக்குள் பச்சைப் படிவம், மேலே ஃபிளாஷ் செருகும் இடத்திலும் அடியில் உள்ள திருகுகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஐந்து, பேட்டரியும் கார்டும். டி3100 முதல் டி5600 வரையிலான வகைகளின் பேட்டரியும், கேனான் 60டி, 70டி வகையின் பேட்டரியும் இன்னும் சுலபமாகக் கிடைக்கின்றன. டி300, கேனான் 40டி, முதல் 5டி போன்றவை எடுப்பது பழைய காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. அந்த கார்டும் ரீடரும் தேடி அலைய வேண்டும். எஸ்டி கார்டு எடுக்கிற மாடலாகவே பாருங்கள்.

ஆறு, ஃபோகஸ். கடையிலோ விற்பவர் வீட்டிலோ, கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று, இருட்டு மூலையில் ஒன்று என்று பத்துப் படம் எடுத்து, முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னத் திரையை நம்பிக் கெட்டவன் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

கையில் வந்த பிறகு

நம்மில் பலர் கண்ணாடி போட்டவர்கள். முதல் வேலையாக வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி, உள்ளே தெரியும் எண்கள் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகும்படி வையுங்கள். கேமராவில் குறை என்று என்னிடம் வந்தவர்களில் இரண்டு பேருக்கு இந்தச் சக்கரம்தான் குறை.

அடுத்து, பச்சை நிற ஆட்டோவை விடுங்கள். மேலே உள்ள பெரிய சக்கரத்தை நிக்கானில் ‘ஏ’, கேனானில் ‘ஏவி’ என்ற இடத்தில் வையுங்கள். வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்பது உங்கள் கையில், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஒரு ஆளின் முகத்துக்கு எஃப்/2.8 பக்கம், குடும்பமாக இரண்டு வரிசை நின்றால் எஃப்/5.6 அல்லது 8.

ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விட்டு, மேல் எல்லையை 1600-ல் நிறுத்துங்கள். 2010-ஐ ஒட்டிய கேமராக்கள் அதுவரை நன்றாகத் தாங்கும். மண்டபத்தில் தேவைப்பட்டால் 3200-க்குப் போங்கள். கொஞ்சம் மணல் தூவிய மாதிரி இருக்கும். ஆனால் கலங்கிய படத்தைவிட மணல் படிந்த படம் மேல்.

ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று போதும், நடுவில் இருப்பது. அதை ஆளின் கண்ணில் வைத்துப் பாதி அழுத்தி, பிடித்துக்கொண்டு, சட்டகத்தைச் சரிசெய்து முழுதாக அழுத்துங்கள். எல்லாப் புள்ளியையும் கேமராவிடம் விட்டால் அது கிட்டே இருக்கிற மாலையில் போய் நிற்கும்.

பறவைக்கு 300 மி.மீ.-ல் எடுக்கும்போது விநாடியில் 500-ல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும்; பறக்கும்போது 1000-க்கு மேல். லென்ஸில் உள்ள ‘விஆர்’, ‘ஐஎஸ்’ நம் கை நடுக்கத்தை அடக்கும். பறவையின் சிறகை நிறுத்தாது. கருத்த தண்ணீரில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால் இறகு வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஒளி ஈடுசெய்யும் பொத்தானை அழுத்தி ஒரு புள்ளியில் மூன்றில் இரண்டு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். கூட்டின் கிட்டே மட்டும் போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் வெயிலில் குஞ்சு தாங்காது. படம் அதைவிடப் பெரிதில்லை.

பாதுகாப்பு

தோல் பையிலும் பீரோவின் அடித்தட்டிலும் வைக்காதீர்கள். பூஞ்சைக்கு அவை இரண்டும் பிடித்த இடம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது கட்டாயம். வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் எடுங்கள். பூஞ்சைக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

கடைசியாகப் படங்கள். 2023 வெள்ளத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் தரைத்தளம் முழுகியது. டிவியும் பிரிட்ஜும் போனதற்கு அவர்கள் அழவில்லை. ஒட்டிக்கொண்டு கூழாகிப்போன கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த அத்தை அழுததைப் பார்த்தவன் நான். ஆகவே படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில், பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும். வருடத்துக்கு இருபது படமாவது காகிதத்தில் அச்சுப்போட்டு, பரண் உயரத்தில் வையுங்கள்.

கேள்வி நேரத்தில்

மூன்றாவது மாடி ஆச்சி கேட்டது: “எங்க பேத்தி போன்லேயே அழகா எடுக்கா. இது எதுக்குப்பா?”

நியாயமான கேள்வி, ஆச்சி. பகல் வெளிச்சத்தில் நாலு பேர் நிற்கிற படத்துக்கும், உடனே அனுப்புவதற்கும், வீடியோவுக்கும் போன்தான் சௌகரியம். தூரத்துப் பறவை, மங்கின வெளிச்சத்தில் ஓடுகிற குழந்தை, சுவரில் பெரிதாக மாட்டுகிற படம், இந்த மூன்றுக்கும் கேமரா. மூன்றும் வேண்டாம் என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

பி பிளாக் தம்பி கேட்டது: “நிக்கானா, கேனானா சார்?”

உங்கள் அண்ணனிடமோ நண்பரிடமோ எது இருக்கிறதோ அது. லென்ஸ் இரவல் கிடைக்கும். யாரிடமும் எதுவும் இல்லையென்றால், பொருத்தம் பார்க்கிற தொல்லை குறைவு என்பதால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு கேனான் 600டி, 700டி சொல்வேன். பழைய டி லென்ஸ்களை மலிவாகச் சேர்க்க ஆசை என்றால் மோட்டார் உள்ள நிக்கான் டி90 அல்லது டி7000. ஆனால் ஒன்று, நாளைக்கு நிக்கான் மிரர்லெஸுக்கு மாறும்போது டி லென்ஸ்கள் எஃப்டிஇசட் வளையத்தில் தானாக ஃபோகஸ் ஆகாது, ஏஎஃப்-எஸ் ஆகும்.

பொருளாளர் கேட்டது: “உங்களுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு?”

வங்கிக்காரனிடம் கணக்குக் கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். இப்போது வைத்திருக்கிற டி7000 பாடி 14,000 ரூபாய். 35 மி.மீ. லென்ஸ் 8,000. சதாபிஷேகத்தில் காலை வாரிய அந்த 50 மி.மீ. டி லென்ஸ் இப்போது இதே பாடியில் தானாக, சடக்கென்று ஃபோகஸ் ஆகிறது. லென்ஸில் குறையே இல்லை. அதற்கு ஏற்ற துணையோடு நான் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

பீரோவில் தூங்குகிற கேமரா வைத்திருப்பவர்கள் அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு கேட் பக்கம் கொண்டுவாருங்கள். முதலில் டார்ச் அடித்துப் பூஞ்சை பார்ப்போம், பிறகு நயினார்குளம் போய்வருவோம். லென்ஸ் இல்லாதவர்களுக்கு என்னுடையதைத் தருகிறேன். வாயும் மோட்டாரும் பொருந்தினால்.

வடை இன்னும் சூடாக இருக்கிறது.